“ஒன்றும் செய்யாது!”

நாயைப் பற்றிக் கட்டுரை எழுதாமல் பள்ளியைக் கடந்து வந்தவர் நம்மில் எவரும் இலர். ‘நாய் நன்றியுள்ள விலங்கு, அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு’ என்று தொடங்கிப் பத்து வரி எழுதி மதிப்பெண் வாங்கினோம். நாயின் சங்கிலிக்கு மறுமுனை ஒன்று உண்டு என்பதையோ, அதைப் பிடித்திருக்கும் மனிதனுக்குச் சில கடமைகள் உண்டு என்பதையோ அன்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பாடத்தைச் சென்ற குளிர்காலத்தில், நம் பல்கலைக்கழகச் சாலையிலே, ஒரு பால்காரரிடம் நான் கற்றேன்.

எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் இரு வாரம் வெளியூர் சென்றார். அவருடைய லாப்ரடார் நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. சாதுவான நாய். விடியற்காலையில் நடமாட்டம் குறைவு என்ற எண்ணத்தில் சங்கிலியைக் கழற்றிவிட்டு அதனை உலவவிடுவேன். ஐந்து நாள் ஒரு தொல்லையும் இல்லை. ஆறாம் நாள் மூடுபனி. விடுதிக்குப் பால் கொண்டுவருபவர் மிதிவண்டியில் வந்தார். நாய் மகிழ்ச்சியோடு அவரை நோக்கி ஓடிற்று. நான் என்ன செய்தேன்? இந்த ஊரில் நாய் வளர்ப்போர் அனைவரும் சொல்லும் மந்திரத்தை நானும் உரக்கச் சொன்னேன்: “குச் நஹீ கரேகா!” ஒன்றும் செய்யாது!

பால்காரர் மிரண்டு காலை உதறினார், வண்டி சாய்ந்தது, பால் சாலையில் ஓடிற்று. துள்ளிய நாயின் பல் அவர் கெண்டைக்காலில் உரசிச் சிவந்த கோடொன்றை இட்டது. இரத்தம் வரவில்லை. நான் மீண்டும், “பயப்படாதீர்கள், அது ஒன்றும் செய்யாது” என்றேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “அது உங்களுக்குத் தெரியும், பாபுஜி. எனக்கு எப்படித் தெரியும்?”

நண்பர்களே! இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு வினாவில் அடங்கிவிடுகிறது. நம் நாயின் குணம் நாம் அறிந்தது; எதிரே வருபவர் அறியாதது. அவர் காண்பது ஓடிவரும் ஒரு விலங்கையும் அதன் பற்களையுமே. நம் மனத்திலுள்ள நம்பிக்கையை அவர் மனத்திற்கு மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவே கையிலுள்ள சங்கிலி.

வாலின் மொழி

வால் ஆட்டினால் நாய் நட்பாயிருக்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். இஃது அரைகுறை உண்மை. வாலாட்டம் கிளர்ச்சியின் அறிகுறி. அக்கிளர்ச்சி அன்பாகவும் இருக்கலாம், சினமாகவும் இருக்கலாம். உடல் முழுதும் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து அசைய ஆட்டும் வால் ஒருவகை. உடல் மரம்போல் விறைத்து, வாய் மூடி, பார்வை ஒரே இடத்தில் நிலைத்திருக்க, உயரத் தூக்கி மெல்ல அசைக்கும் வால் வேறுவகை. பின்னதைக் கண்டால் விலகிவிடுவதே அறிவுடைமை.

அச்சத்திற்கும் அடையாளங்கள் உண்டு. தலையைத் திருப்பிக்கொள்ளுதல், பசியின்றி உதட்டை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், கடைக்கண்ணில் வெள்ளை தெரிய நோக்குதல், வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குதல் ஆகியவை, ‘என்னை விட்டுவிடு’ என்று நாய் சொல்லும் சொற்கள். இவற்றைக் கேளாதபோதுதான் உறுமுகிறது. உறுமலையும் கேளாதபோது கடிக்கிறது. உறுமியதற்காக நாயை அடிப்போர் எச்சரிக்கை மணியைக் கழற்றி எறிகின்றனர். உள்ளிருக்கும் அச்சம் அப்படியே இருக்கிறது.

இரு நாய்கள் எதிர்ப்பட்டால்

சங்கிலியில்லாத இரு நாய்கள் சந்திக்கும் முறையை உற்றுப் பாருங்கள். அவை பெரும்பாலும் நேர்க்கோட்டில் வருவதில்லை. சற்றே வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, மோப்பம் பிடித்துப் பிரிகின்றன. பிடிக்காவிட்டால் விலகிச் செல்ல அவற்றிற்கு இடமுண்டு. குறுகிய நடைபாதையில் சங்கிலியை இறுக்கிப் பிடித்து இரண்டையும் முகத்துக்கு முகம் நடத்தினால் அந்த உரிமை பறிபோகிறது. விலக முடியாத நாய் குரைத்துத் துரத்தப் பார்க்கிறது. பிடித்திருப்பவர் பதறி இன்னும் இழுக்கிறார். நாயின் கலக்கம் இன்னும் கூடுகிறது.

ஆகவே எதிரே நாய் வருவதைக் கண்டவுடன், நம் நாய் அதன்மேல் கண்ணை நாட்டுவதற்கு முன்பே, சாலையின் மறுபக்கம் சென்றுவிடுதல் நன்று. சங்கிலி குட்டையாக, ஆனால் தளர்வாக இருக்கட்டும். ‘பழகட்டுமே’ என்று விட விரும்பினால், முதலில் எதிரிலிருப்பவரைக் கேட்டு, அவர் இசைந்தபின் விடுக. அவருடைய நாய் நோயுற்றதாகவோ, முதியதாகவோ, முன்பு கடிபட்டு அஞ்சியதாகவோ இருக்கலாம். தெருநாய்கள் தங்கள் எல்லையைக் காக்கும் இடங்களிலும், குட்டி ஈன்ற தாய் இருக்குமிடத்திலும் வளர்ப்பு நாயோடு புகாமல் வேறு வழியில் செல்வதே மேல்.

தொலைவு என்னும் மருந்து

இரஷ்ய அறிஞர் பாவ்லவை நாம் அறிவோம். செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய், நாளடைவில் ஒலியைக் கேட்ட அளவிலேயே உமிழ்நீர் சுரந்தது. தொடர்பில்லாத இரண்டு, பழக்கத்தால் தொடர்பு பெற்றன. அதே விதி சாலையிலும் நமக்குப் பயன்படும்.

பிற நாயைக் கண்டால் குரைக்கும் நாயை, அது காணக்கூடிய ஆனால் கலங்காத தொலைவில் நிறுத்துங்கள். அத்தொலைவு ஒரு நாய்க்கு 20 அடியாகவும் இன்னொன்றுக்கு 100 அடியாகவும் இருக்கலாம். பிற நாய் கண்ணில் பட்டதும் ஒரு துண்டு இறைச்சி; மறைந்ததும் நிறுத்திவிடுக. சில வாரங்களில், பிற நாயைக் கண்டதும் அது நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அதன்பின் தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். குரைத்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டியதுதான். இந்நேரத்தில் சங்கிலியைச் சுண்டி வலி கொடுப்பது பாவ்லவின் விதியை நமக்கு எதிராகத் திருப்பிவிடும்: ‘பிற நாய் வந்தால் கழுத்து வலிக்கும்’ என்று நாய் கற்றுக்கொள்ளும்.

கூப்பிட்டவுடன் வருதலும் இவ்வாறே கற்பிக்கத் தக்கது. வீட்டுக்குள் தொடங்கி, மதிலுக்குள் தொடர்ந்து, பின் நீண்ட கயிற்றோடு திறந்த வெளியில் பழக்க வேண்டும். வந்த நாயை எக்காரணத்தாலும் திட்டலாகாது. நான் வளர்ப்பாளனும் அல்லேன், கூப்பிட்டால் அந்த நாய் என்னிடம் வரும் என்று சோதித்தவனும் அல்லேன். அதன் சங்கிலியைக் கழற்றியதே என் முதற்பிழை.

எதிரே வருபவர் செய்யத் தக்கது

நாய் நம்மை நோக்கி ஓடிவந்தால், ஓடாமலும் கூவாமலும் நிற்பதே சிறந்தது. ஓடுவதைத் துரத்துதல் அதன் இயல்பு. கைகளை உடலோடு ஒட்டி, பக்கவாட்டில் திரும்பி, அதன் கண்ணை உறுத்துப் பாராமல் மரம்போல் நிற்கலாம். கையில் பையோ குடையோ இருந்தால் இடையில் நீட்டலாம். விழுந்துவிட்டால் பந்துபோல் சுருண்டு கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். ஆயினும் இவையெல்லாம் நாயோடு வருபவன் தன் கடமையில் தவறிய பின்னர் பிறர் தேடும் தற்காப்பு என்பதை மறக்கலாகாது.

பல் பட்டால்

அன்று பால்காரர் சிறு கீறல்தானே என்று புறப்படப் பார்த்தார். ஆசிரியர் வீட்டு நாய். புகார் செய்தால் விடுதியில் பால் ஊற்றுவது நின்றுவிடுமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்ததைப் பின்னர் அறிந்தேன். நான் விடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். வெறிநாய்க்கடி வைரசைக் கொழுப்பு உறையொன்று சூழ்ந்திருக்கிறது. சோப்பு அவ்வுறையைச் சிதைக்கிறது, ஓடும் நீர் அடித்துச் செல்கிறது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றைத் தடவுதல் தவறு.

பின்பு அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை தோலினுள் தடுப்பூசி போட்டனர். அவற்றுள் முதல் நாள் என்பது சுழியம் என்று எண்ணப்படும். இரத்தம் வந்த காயமாயின், காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்புப் புரதமும் தேவைப்படும். ஆசிரியரின் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட ஏடு இருந்தது. அதை மருத்துவரிடம் காட்டலாம். ஆனால் அதை நம்பி நாமே முடிவு செய்தல் கூடாது. இந்நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரியர். தோன்றுமுன் முறையாக மருத்துவம் செய்தாலோ ஏறக்குறைய முற்றிலும் தடுக்கலாம். 1885-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இத்தடுப்பு மருந்தைக் கொடுத்தார். நம் குன்னூரில் 1907 முதல் அவர் பெயரால் ஒரு நிலையம் இயங்கி வருவதை இங்கே நினைவுகூரலாம்.

சட்டம் கூறுவது

2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இதைக் குற்றமாகக் கூறுகிறது. தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய ஒழுங்கு செய்யத் தவறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ‘தம் வசமுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாய் என்னுடையதன்று என்று நான் தப்ப முடியாது. அன்று காலை அஃது என் வசத்தில்தான் இருந்தது.

நான்கு நாளும் பால்காரரோடு நானே மருத்துவமனை சென்றேன். கொட்டிய பாலுக்கும் இழந்த வேலை நேரத்துக்கும் பணம் கொடுத்தேன். ஆசிரியர் திரும்பியதும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் பால்காரரை நேரில் கண்டு வருத்தம் தெரிவித்தார். பால் ஊற்றுவதும் நிற்கவில்லை.

இன்றும் சில காலைகளில் அந்த நாயோடு நடக்கிறேன். மிதிவண்டி மணி கேட்டதும் ஓரமாய் ஒதுங்கி, சங்கிலியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, நாயை என் மறுபக்கத்தில் உட்காரச் செய்கிறேன். தொடக்கத்தில் பால்காரர் தொலைவிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு மாதமாக அவர் இறங்குவதில்லை. மிதித்துக்கொண்டே கடந்து போகிறார். “ஒன்றும் செய்யாது” என்று நான் இப்போது சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.