விமான வாசலில் நிற்பதற்கு முன்

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது, நம் சங்கத்து இளைஞர்கள் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், நீங்கள் விமானப் படையில் பாராசூட் பிரிவில் இருந்தீர்களாமே! நாங்கள் ஸ்கைடைவிங் போகலாம் என்றிருக்கிறோம். எங்கே போனால் செலவு குறையும்?" என்று கேட்டார்கள். எங்கே போனால் பத்திரமாகத் திரும்பலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நம் மலர் ஆசிரியர், "இதையே ஒரு பாடமாக எழுதித் தாருங்களேன்" என்றார். அதன் விளைவு இக்கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் குதிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். விமானப் படையின் பாராட்ரூப்பர் பயிற்சிப் பள்ளி இருக்கும் ஆக்ராவில், பிறர் குதிப்பதற்கான பாராசூட்டுகளை நீண்ட மேசையில் விரித்து, கயிறு கயிறாகப் பார்த்து, மடித்துக் கொடுத்தவன். பிற்காலத்தில் ஆசைக்காக நானும் பதினோரு முறை குதித்திருக்கிறேன். பன்னிரண்டு முறை விமானம் ஏறினேன். பதினோரு முறை குதித்தேன். அந்த ஒரு முறை வித்தியாசத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு இது புதிய துறையும் அன்று. இந்திய ராணுவத்தில் பாராசூட்டில் முதன்முதலாகக் குதித்த இந்தியர்களில் ஒருவர், ஆற்காடு என்ற ஊர்ப்பெயரைத் தம் பெயரில் தாங்கிய மருத்துவ அதிகாரி ஏ.ஜி. ரங்கராஜ். கொரியப் போரின்போது 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். 1951 மார்ச்சில் முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்க வீரர்களோடு குதித்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த பிரிவு அது. அவருக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அவர் குதித்தது கடமைக்காக. நாம் குதிப்பது மகிழ்ச்சிக்காக. கடமைக்காகக் குதிப்பவருக்கு நாளும் இடமும் மேலிருந்து உத்தரவாக வரும். நமக்கோ "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையை எப்போது பயன்படுத்துவது என்பதே இந்தப் பாடம்.

விமானம்

குதிக்கப் போகிறவர்கள் பாராசூட்டைப் பற்றியே கவலைப்படுவார்கள். ஆனால் பாராசூட் வேலை செய்ய வேண்டிய இடம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விமானம். அதை முதலில் கவனியுங்கள்.

சிறிய இடங்களில் செஸ்னா 182 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம் இருக்கும். விமானியின் இருக்கையைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு, குதிப்பவர் நான்கு பேரைத் தரையில் உட்கார வைப்பார்கள். பத்தாயிரம் அடிக்கு ஏற அரை மணி நேரம்கூட ஆகும். அதைவிடப் பெரியது செஸ்னா காரவான். டர்பைன் எஞ்சின், பதினைந்து பேர் வரை தாராளமாக ஏறுவார்கள். ட்வின் ஆட்டர் என்பது இரட்டை எஞ்சின். இருபது பேருக்கு மேல் ஏற்றும். 13,000 அடிக்குக் கால்மணி நேரத்தில் போய்விடும். ராணுவத்தின் ஏ.என்.-32 வேறு வகை. அதில் வீரனின் பாராசூட்டோடு இணைந்த பட்டையின் கொக்கியை, விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டிவிடுவார்கள். அவன் வெளியே விழும்போது அந்தப் பட்டையே பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும்.

எந்த விமானமானாலும் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று எடை, மற்றொன்று அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. படகில் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். விமானத்திலும் அதே கதைதான். குதிக்கும் நேரம் நெருங்க, வேகத்தைக் குறைப்பார்கள். அப்போது எல்லோரும் வாசலை நோக்கிப் பின்பக்கம் நெருக்கியடித்தால் வால் கனத்துவிடும். 2019 ஜூலை 14 அன்று ஸ்வீடனில் ஊமெயா நகருக்கு அருகே ஒரு ஸ்கைடைவிங் விமானம் இப்படித்தான் கட்டுப்பாட்டை இழந்து சிதறியது. விமானியும் குதிக்க இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். ஒருவராலும் வெளியே வர முடியவில்லை. குறைந்த வேகம், பின்பாரம், மோசமான வானிலை, விமானிக்கு இருந்த வேலைப்பளு ஆகியவை சேர்ந்து வந்த வினை என்று விசாரணையில் தெரியவந்தது. ஆகவே உங்கள் எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லும் வரை உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

சீட் பெல்ட்டும் அப்படியே. "எப்படியும் குதிக்கத்தானே போகிறோம், பெல்ட் எதற்கு?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். 1992 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவின் பெரிஸ் வேலியில் ஒரு ட்வின் ஆட்டர் தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்திலேயே விழுந்தது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது. இருந்தவர் 22 பேர். இறந்தவர் 16 பேர். அந்த உயரத்தில் முதுகில் இருக்கும் பாராசூட்டால் ஒரு பயனும் இல்லை. பெல்ட்தான் துணை. தாழ்வான உயரத்தில் எஞ்சின் நின்றால், பெல்ட்டோடு குனிந்து உட்கார்ந்து விமானத்தோடு இறங்குவதே வழி. நல்ல உயரத்தில் நின்றால் குதிக்கச் சொல்வார்கள். எதைச் செய்வது என்பதை விமானியும் பயிற்சியாளரும் சொல்வார்கள். நாமாக முடிவு செய்யக் கூடாது.

வாசல்

வயிறு தரையை நோக்கியிருக்க நிலைகொண்டு விழும் மனிதன் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறான். கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் அங்கே மோதுவதற்கு ஒன்றுமில்லை. மோதுவதற்கும் மாட்டிக்கொள்வதற்கும் பொருள்கள் இருக்கும் இடம் வாசல். கதவு, கைப்பிடி, படி, இறக்கை, வால் எல்லாம் அங்கேதான்.

பாராசூட் பையில் வெளியே தெரியும் கைப்பிடிகள் உண்டு. அவற்றில் ஒன்று ரிசர்வ் பாராசூட்டுக்கு உரியது. ஆபத்தில் ஒரே இழுப்பில் வர வேண்டும் என்பதற்காகவே அதை எளிதாக அமைத்திருக்கிறார்கள். எளிதாக வருவது, தவறான இடத்தில் உரசினாலும் வந்துவிடும். திறந்த வாசலருகே ஒருவரின் பாராசூட் வெளிப்பட்டால், காற்று அதைப் பிடித்து அவரையும் சேர்த்து வெளியே இழுத்துவிடும்.

2025 செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டல்லி என்ற ஊருக்கு மேலே நடந்ததைக் கேளுங்கள். காரவான் விமானம், 15,000 அடி உயரம். பதினாறு பேர் கைகோத்து விழும் திட்டம். முதலில் வெளியேறியவரின் ரிசர்வ் கைப்பிடி, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பில் மாட்டியது. ரிசர்வ் உடனே திறந்து, அவரைப் பின்னுக்கு இழுத்து வாலில் மோதியது. பாராசூட் வாலில் சுற்றிக்கொள்ள, அவர் அதில் தொங்கினார். அவரிடம் கொக்கிக் கத்தி ஒன்று இருந்தது. பதற்றப்படாமல் அதனால் 11 கயிறுகளை அறுத்து விடுபட்டு, பிரதான பாராசூட்டைத் திறந்து சிறு காயங்களோடு தரை சேர்ந்தார். சேதமுற்ற வாலோடு விமானியும் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். உள்ளங்கை அளவுக் கத்தி ஓர் உயிரைக் காத்தது.

இப்போது என் கதை. என் மூன்றாவது ஏற்றத்தில், ஒரு சிறிய விமானம். என் முறை வந்ததும் ஆர்வத்தில் வேகமாகத் திரும்பினேன். என் ரிசர்வ் கைப்பிடி கதவு விளிம்பில் உரசியது. எனக்குத் தெரியவே இல்லை. ஜம்ப் மாஸ்டர் பார்த்துவிட்டார். அதன்மேல் தம் உள்ளங்கையை வைத்து அழுத்தி, மறுகையால் என்னைத் தரையில் உட்கார வைத்து, கதவை மூடச் சொன்னார். கைப்பிடி பாதி வெளியே வந்திருந்தது. விமானத்தோடு இறங்கினேன். கீழே என் நண்பர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆயிரக்கணக்கான பாராசூட்டுகளைத் தொட்ட கைக்குத் தன் முதுகில் இருந்ததைக் காக்கத் தெரியவில்லையே என்ற வருத்தம். டல்லி செய்தியைப் படித்தபோதுதான், அந்த உள்ளங்கை எனக்கு என்ன செய்தது என்பது முழுதாகப் புரிந்தது.

வாசலில் கவனிக்க வேண்டியவை இவை: ஏறுமுன்னும் குதிக்குமுன்னும் கைப்பிடிகளையும் பட்டைகளையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். உள்ளே நகரும்போது கைப்பிடியைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாக நகர வேண்டும். வெளியேறும்போது மேல்நோக்கி எம்பக் கூடாது. வால் தாழ்வாக உள்ள விமானங்களில் தலை அடிபடும்.

ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி எவ்வளவு? இதைக் கணக்காகப் பார்ப்போம். விமானம் தரையை ஒப்பிட 90 நாட் வேகத்தில், அதாவது வினாடிக்குச் சுமார் 46 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு குழுவினர் நடுவே 300 மீட்டர் வேண்டுமானால் ஆறரை வினாடி பொறுத்தால் போதும். அதே விமானம் 40 நாட் எதிர்க்காற்றில் போனால், தரைவேகம் 50 நாட், வினாடிக்குச் சுமார் 26 மீட்டர்தான். இப்போது ஏறக்குறைய பன்னிரண்டு வினாடி பொறுக்க வேண்டும். மேலே காற்று கூடினால் காத்திருப்பும் கூட வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பின்னாலிருந்து தள்ளும் இடத்தில் இந்தக் கணக்கை யாரும் போடவில்லை என்று பொருள்.

இடம்

நம் டெல்லிப் பக்கத்தில் ஹரியானாவின் நார்னௌல் அருகே பொதுமக்களுக்கான டேண்டம் ஜம்ப் நடந்து வந்திருக்கிறது. வேறு மாநிலங்களிலும் அவ்வப்போது முகாம்கள் நடப்பதுண்டு. டேண்டம் என்றால் பயிற்சியாளரின் மார்போடு தோளிலும் இடுப்பிலுமாக நான்கு கொக்கிகளில் உங்களை இணைத்துக்கொண்டு குதிப்பது. பெயர்ப் பலகையையும் வீடியோவையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய் மைதானத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மின்கம்பிகள், கிணறு, குளம், மரவரிசை எங்கே இருக்கின்றன? காற்று வீசும் நாளில் மரவரிசைக்கும் கட்டிடத்துக்கும் பின்னால் காற்று சுழலும்; அங்கே இறங்குவது கடினம். காற்றுப்பை கம்பத்தில் கிழியாமல் ஆடுகிறதா? பருவமும் முக்கியம். நம் வடக்கே ஜனவரியில் பனிமூட்டம். மே, ஜூனில் வெப்பக்காற்றில் விமானம் ஏறவே திணறும், புழுதிப்புயலும் வரும். அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் ஆகியவை நல்ல மாதங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள், "மாமா, என் பிறந்த நாளுக்குக் குதிக்கப் போகிறேன், கூட வாருங்கள்" என்றாள். விடிகாலையிலேயே காரில் கிளம்பி ஓர் ஓடுதளத்துக்குப் போனோம். பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, பட்டைகளும் மாட்டியாகிவிட்டது. பத்து மணிக்குக் காற்று கூடியது. பயிற்சியாளர் காற்றுமானியைப் பார்த்தார். அரை மணி பொறுத்து மீண்டும் பார்த்தார். "இன்று இல்லை" என்றார். வெளியூரிலிருந்து வந்திருந்த சிலர் சத்தம் போட்டார்கள். இவள் ஒரு மூலையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பயிற்சியாளர் ஒருவரிடமும் கோபப்படவில்லை, அசையவும் இல்லை. "பாப்பா, உனக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது" என்றேன். அவளுக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் குதித்தாள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. விமானியும் பயிற்சியாளரும் என்ன உரிமமும் அனுபவமும் பெற்றவர்கள்?
2. என்னோடு எத்தனை பேர் ஏறுவார்கள்? எடையை யார் கணக்கிடுகிறார்கள்? எல்லோருக்கும் பெல்ட் உண்டா?
3. ரிசர்வ் பாராசூட்டைக் கடைசியாக யார், என்று மடித்தார்கள்? அட்டையைக் காட்ட முடியுமா?
4. குறித்த உயரத்துக்குக் கீழும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானே திறக்கும் கருவி பொருத்தி, இயக்கத்தில் இருக்கிறதா?
5. எஞ்சின் நின்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று தரையிலேயே சொல்லித் தருவீர்களா?
6. எவ்வளவு காற்றில் நிறுத்துவீர்கள்? நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அன்று கட்டிய பணம் என்ன ஆகும்?
7. அருகில் மருத்துவமனை எவ்வளவு தூரம்? வாகனம் தயாராக நிற்கிறதா?

ஆறாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பணம் திரும்பாது என்றால், காற்றடிக்கும் நாளில் குதிக்க வேண்டும் என்ற அழுத்தம் உங்களிடமிருந்தே வரும். வேறு நாள் தருகிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தரும் இடத்தில் இருதரப்புக்கும் நிதானம் இருக்கும்.

குதிக்கப் போகும் இளைஞர்களே, நான் தடுக்கவில்லை. பாராசூட் விரிந்த பிறகு வரும் அந்த அமைதியை நான் பதினோரு முறை அனுபவித்தவன். நீங்களும் அனுபவிக்க வேண்டும். போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துக்கு வாருங்கள். பழைய பையொன்று என்னிடம் இருக்கிறது. கைப்பிடி எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கையால் மறைப்பது என்று காட்டுகிறேன். பெற்றோரையும் அழைத்து வந்தால் இன்னும் நல்லது.