தஞ்சைக் கோயிலைப் படமெடுத்தவர் யார்?

கேள்வி: வாட்ஸ்அப்பில் பழைய தஞ்சாவூர், மதுரைப் படங்கள் அடிக்கடி வருகின்றன. யார் எடுத்தது, எந்த ஆண்டு என்ற விவரம் ஒன்றும் இருப்பதில்லை. இப்படிப்பட்ட நல்ல படங்களை இணையத்தில் எங்கே தேடுவது? கிடைத்தால் மற்றவர்களுக்கு அனுப்பலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அவற்றில் மிகப் பழைய படங்கள் லின்னேயஸ் ட்ரைப் எடுத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் அவர். 1856-ல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெரிய கேமராவோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கியதுதான் அவருடைய பெரும் சாதனை. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக விழும். ட்ரைப் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார்.

பல கைமாறிச் சுருங்கி வந்த படத்தில் அந்தத் தூரிகை வேலை எங்கே தெரியப்போகிறது? போதாக்குறைக்கு யாரோ அதற்குச் செயற்கை வண்ணமும் பூசியிருப்பார்கள். அதனால்தான் மூலத்தைத் தேடிப் போக வேண்டும்.

வழி எளிது. கையில் உள்ள படத்தை கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ கொடுத்தால், அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். அந்தப் பட்டியலில் அருங்காட்சியகமோ நூலகமோ இருந்தால் அங்கே போய்விடலாம். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் இரண்டிலும் ட்ரைப் படங்கள் உள்ளன. பெயர், ஆண்டு, இடம், அளவு எல்லாம் படத்தோடு சேர்ந்தே கிடைக்கும்.

பகிர்வதைப் பொறுத்தவரை, படத்தின் பக்கத்தில் உள்ள உரிமைக் குறிப்பைப் படித்துவிடுவது நல்லது. மெட்ரோபாலிடன் 2017-ல் காப்புரிமை முடிந்த சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. எல்லா நிறுவனங்களும் அவ்வளவு தாராளமாக இல்லை. சில இடங்களில் வணிகப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். உயிரோடு இருக்கும் கலைஞரின் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் அவருடைய பக்கத்தின் இணைப்பையே அனுப்புவது முறை. இணைப்பில் போனால் அவருடைய மற்ற படங்களும் கண்ணில் படும், பாராட்டும் உரியவரைச் சேரும்.

விவரத்தோடு பகிர்ந்தால் விவரம் பெருகும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். 2008 ஜனவரியில் அது ஃபிளிக்கர் தளத்தில் சுமார் 3,000 பழைய படங்களை வைத்து, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டது. பார்த்தவர்கள் ஊரையும் ஆட்களையும் தெருவையும் அடையாளம் சொன்னார்கள். நூலகம் அவற்றைச் சரிபார்த்துத் தன் பட்டியலையே திருத்திக்கொண்டது. பெயரை வெட்டிவிட்டு அனுப்பும் படத்துக்கு இந்த வாய்ப்பே இல்லை.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னோர் இடமும் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில் அவற்றைத் தேடி ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. திருமணக் கோலம், குடும்பக் குழுப்படம், ஓவியத் திரைக்கு முன் விறைப்பாக நிற்கும் குழந்தைகள் என்று அது ஒரு தனி உலகம். வீட்டு அலமாரியிலும் அப்படிப்பட்ட படங்கள் இருந்தால் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட வேண்டாம். அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். சிலவற்றில் தாத்தா கையெழுத்தில் தேதியும் இருக்கும். அந்தப் பக்கத்தையும் எடுத்துச் சேர்த்தே அனுப்புங்கள்.