ஸ்பெயின் தேசத்து வெண்முகக் கருங்கோழிக் குஞ்சுகளைப் பேணும் முறை

ஸ்பெயின் தேசத்துப் பழைய ஜாதியாகிய வெண்முகக் கருங்கோழி பெரிய வெள்ளை முட்டைகளுக்குப் பெயர்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் கண்காட்சிப் பரிசை நாடி, முகவெண்மை ஒன்றையே கருதி இனவிருத்தி செய்தமையால் குஞ்சுகளின் திடம் குன்றிற்று. இன்று இந்த ஜாதி அருகிவிட்டது.

இக்கோழிகள் பெரும்பாலும் அடைகிடப்பதில்லை. ஆதலின் தாயணைப்புக்கு ஈடாக, குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் அளித்து, வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வருதல் வேண்டும். குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று நெருங்கினால் குளிரென்றும், விலகி வாய்திறந்து இளைத்தால் வெப்பம் மிகுதியென்றும் அறியலாம். படுக்கையில் ஈரம் சேரலாகாது.

முகவெண்மை முழுமையுற ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். இளமையில் முகங்கண்டு குஞ்சுகளைக் கழிக்கலாகாது. முதலில் திடமானவற்றைப் பொறுக்கி, அவற்றுள் நன்முகமுடையவற்றை விருத்திக்கு வைத்தால் ஜாதி நிலைக்கும்.