அரிவாட்கலச் சோகையுள்ள பிள்ளையைப் பேணுதல்

கை கால் நோகிறது என்று அடிக்கடி அழும் பிள்ளையை, "பள்ளிக்கூடம் போகப் பஞ்சி" என்று நாம் ஏசிவிடுகிறோம். அந்த நோவுக்குக் குருதியும் காரணமாகலாம்.

நோய் என்ன?

செங்குழியங்கள் வட்டமாகவும் மென்மையாகவும் இருப்பதால் நுண்ணிய குருதிக் குழாய்களிலும் நழுவிச் செல்லும். இந்நோயில் ஈமோகுளோபின் மாறுபட்டிருப்பதால் அவை அரிவாள்போல் வளைந்து விறைக்கின்றன. குழாய்கள் அடைபடக் கடும் நோவு உண்டாகிறது. 120 நாள் வாழவேண்டிய செங்குழியம் 10 முதல் 20 நாளில் அழிவதால் சோகையும் ஏற்படுகிறது.

1952 இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இது கண்டறியப்பட்டது. இலங்கையில் இது அரிது. ஆனால் இதற்கு உறவான தலசீமியா இங்கு உண்டு. ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாட்கல மரபணுவையும் மற்றவரிடமிருந்து தலசீமியா மரபணுவையும் பெறும் பிள்ளைக்கும் இந்நோய் வரும்.

யாருடைய குற்றம்?

எவருடைய குற்றமும் அல்ல. இது தொற்றுவதில்லை, சாபமும் அல்ல. தாய், தகப்பன் இருவரும் நோயின்றி மரபணுவை மட்டும் காவுபவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே தாயை மட்டும் பழிப்பது அநியாயம். சொந்தத்துக்குள் மணம் பேசும் குடும்பங்கள் முன்னரே குருதியைச் சோதிப்பது நன்று.

அறிகுறிகள்

பிறந்து சில மாதங்களின் பின்னரே அறிகுறிகள் தெரியும். கை கால் விரல்கள் வீங்கி நோதல், வெளிறல், கண் மஞ்சளாதல், அடிக்கடி காய்ச்சல் என்பன முக்கியமானவை.

வீட்டில் செய்யவேண்டியவை

1. தண்ணீர் அடிக்கடி பருகக் கொடுங்கள். நல்ல தண்ணீர் அரிதான நம் தீவில் இப்பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். படகிலும் போத்தலில் கொண்டு செல்லுங்கள்.
2. கடும் வெயில், குளிர்ந்த நீரில் நெடுநேரக் குளிப்பு, களைக்க ஓடுதல் ஆகியவற்றைத் தவிருங்கள்.
3. தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். வைத்தியர் தரும் பெனிசிலினை, பொதுவாக ஐந்து வயது வரை, நாள்தோறும் கொடுங்கள். போலிக்கமிலமும் தரப்படலாம்.
4. நோவையும் அடைப்பையும் குறைக்கும் ஹைட்ரொக்சியூரியா மருந்தைக் குருதிப் பரிசோதனையுடன், வைத்தியர் சொன்ன அளவிலேயே கொடுங்கள்.
5. சோகை என்றவுடன் இரும்புச்சத்துக் குளிசையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

உடனே புறப்படுங்கள்

காய்ச்சல் 38.5 பாகை செல்சியசை எட்டினால், மூச்சு முட்டினால், திடீரென வெளிறினால், இடப்பக்க வயிறு வீங்கினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். முதலில் தீவிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று நோயின் பெயரைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். கடல் கடக்க நேரம் எடுக்கும். ஆகவே காலந் தாழ்த்தாமையே பாதி வைத்தியம்.

கலந்துரையாட:
1. கடைசிப் படகு போனபின் ஒரு பிள்ளைக்கு வருத்தம் கடுமையானால் நம் வட்டாரத்தில் யார் யார் உதவலாம்?
2. இப்பிள்ளை பாடசாலையில் தண்ணீர் குடிக்கவும் இளைப்பாறவும் ஆசிரியரிடம் எவ்வாறு பேசுவோம்?