இரண்டு மாத்திரை, இரண்டு வேளை: மொத்தம் எத்தனை?

"சாமி, இது எப்ப போடணும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு சர்க்கரையும் இருக்கு, ரத்தக் கொதிப்பும் இருக்கு. மாதாமாதம் வாங்கிவரும் மாத்திரைகள் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். படித்த பேரனிடம் அட்டையை நீட்டுகிறார். பேரன் வாசித்துச் சொல்கிறான். பாட்டி "சரிப்பா" என்று தலையாட்டுகிறார். வேலை முடிந்தது என்று பேரன் போனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

அந்தப் பேரன் நீங்களாகவும் இருக்கலாம். வீட்டில் யாரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதோ அவரிடம்தான் மருந்துச் சீட்டும் வந்து சேரும். வாசித்துச் சொன்னால் மட்டும் போதுமா என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

சொல்வது வேற, எடுப்பது வேற

அமெரிக்காவில் டெர்ரி டேவிஸ், மைக்கேல் வுல்ஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மூன்று மருத்துவமனைகளில் 395 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2006-ல் வெளியாயின. மருந்துப் புட்டியில் 'தினமும் இரண்டு முறை, இரண்டு மாத்திரை சாப்பிடவும்' என்று எழுதியிருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 100-க்கு சுமார் 71 பேர் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள்.

அடுத்து, "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டார்கள். சரியான விடை நான்கு. அதை எடுத்துக் காட்டியவர்கள் 100-க்கு சுமார் 35 பேர்தான்.

சொன்னவர்களில் பாதிப்பேருக்கு எடுத்துக் காட்டத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவர்கள் வாசித்தது அவர்களுடைய சொந்த மொழியில். நம் வீட்டுக்கு வரும் அட்டையில் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

தப்பாகப் போட்டால் என்ன ஆகும்? கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை இரண்டு மடங்கு போட்டுவிட்டால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் குறைத்துப் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நாளடைவில் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும்.

அட்டையில் எது இருக்கும், எது இருக்காது?

அட்டையில் இருப்பவை: மருந்தின் பொதுப்பெயர், கம்பெனிப் பெயர், எத்தனை மில்லிகிராம், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி. காலாவதி '06/2027' என்று இருந்தால் அந்த ஜூன் மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். இடப்பக்கம் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று பொருள்.

அட்டையில் இல்லாதது: உங்கள் பாட்டி அதை எப்போது, எத்தனை போட வேண்டும் என்பது. அந்த இடத்தில் 'மருத்துவர் சொன்னபடி' என்றுதான் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் பெரும்பாலும் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டதே.

2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்பனையாகும் 300 மருந்துகளின் அட்டையிலோ பெட்டியிலோ க்யூஆர் கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி தேதி வரும். மருந்து போலியா என்று சரிபார்க்க இது உதவும். எத்தனை வேளை என்று அதுவும் சொல்லாது.

அளவு இருப்பது மருத்துவர் சீட்டில் மட்டும்தான். அதில் வரும் குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்:

• 1-0-1: காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று
• ஓ.டி.: நாளுக்கு ஒரு முறை
• பி.டி.: நாளுக்கு இரண்டு முறை
• டி.டி.எஸ்.: நாளுக்கு மூன்று முறை
• எச்.எஸ்.: இரவு படுக்கும்போது
• எஸ்.ஓ.எஸ்.: தேவைப்பட்டால் மட்டும்

குறி புரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒரு முறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

நிறத்தை நம்பாதீங்க

"காலையில வெள்ளை, ராத்திரி ரோஸ்" என்றுதான் நம் பெரியவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் மருந்து வாங்குகிறது. தயாரிப்பாளர் மாறினால் நிறமும் அட்டையும் மாறலாம், மருந்து அதேதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய மெட்ஃபார்மின் பையில் இருக்கும். தனியார் மருத்துவர் எழுதிய வேறு பெயர் மாத்திரையிலும் அதே மெட்ஃபார்மின் இருக்கும். இரண்டையும் போட்டால் இரட்டை அளவு. அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு பொதுப்பெயரைப் பாருங்கள். 2018-ல் வந்த விதிப்படி பொதுப்பெயரைத்தான் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

குழந்தை மருந்தில் கூடுதல் கவனம்

பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தை சிரப் மாதிரி ஊற்றினால் அளவு பல மடங்கு ஏறிவிடும். சமையலறை ஸ்பூன் வேண்டாம். மருந்தோடு வரும் மூடி அளவையோ துளிக்குழாயையோ பயன்படுத்துங்கள்.

இன்று மாலை செய்ய வேண்டியது

1. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு தட்டில் கொட்டுங்கள். பொதுப்பெயர் ஒன்றாக இருக்கும் அட்டைகளைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. ஒவ்வொரு அட்டையின் இருபக்கமும், மருத்துவர் சீட்டும் போட்டோ எடுத்து 'பாட்டி மருந்து' என்று போனில் தனி ஆல்பமாக வையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் காட்டலாம்.

3. சீட்டில் உள்ளபடி பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். 'தினமும் இருமுறை தலா 2' என்று எழுதாதீர்கள். 'காலை சாப்பிட்ட பின் 2, இரவு சாப்பிட்ட பின் 2' என்று வேளை வாரியாக எழுதுங்கள். நேரத்தைப் பிரித்து எழுதினால் கூடுதல் பேருக்குச் சரியாகப் புரிகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின.

4. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். யாரைக் கேட்டாலும் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "ஆயா, இன்னிக்கு ராத்திரி போடுறத எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். கையில் எடுப்பது சரியாக இருந்தால்தான் புரிந்தது என்று அர்த்தம். தவறாக எடுத்தால் திட்ட வேண்டாம். நாம் சொன்ன விதத்தை மாற்றி இன்னொரு முறை சொல்லுங்கள்.

5. அட்டையை வெட்டும்போது காலாவதி தேதி உள்ள பகுதியைக் கடைசி வரை வைத்திருங்கள்.

யாரைக் கேட்பது?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு மாத்திரை வருகிறது என்றால், கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமே கேட்கலாம். மருந்து குறித்த சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை. மருந்து சாப்பிட்ட பின் தடிப்பு, வீக்கம் போன்ற பக்கவிளைவு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் புகாராகப் பதியலாம்.

சர்க்கரை இறங்கியதுபோல் தெரிந்து, ஆள் நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்த மஞ்சள் பையை எடுங்கள்.