சான்றும் துணிபும்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் பலர், தாம் விரும்பும் முடிபை முதற்கண் வற்புறுத்திக் கூறிப் பின்னர் மேற்கோள்களை அடுக்குகின்றனர். மேற்கோள் மிகுந்தால் முடிபு வலியுறும் என்பது அவர் எண்ணம். அஃது அவ்வாறன்று. சான்றுக்கும் முடிபுக்கும் உள்ள இயைபைக் காட்டாதவிடத்து, நூறு மேற்கோளும் பயன் தாரா.

இவ்வுண்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. 'மலையில் நெருப்பு உண்டு' என்பது பக்கம். 'புகை உடைமையால்' என்பது ஏது. 'அடுக்களை போல' என்பது எடுத்துக்காட்டு. மணிமேகலையின் 29ஆம் காதை இவ்வளவை நெறியை விரித்துரைக்கின்றது. புகையைக் கண்டோம் என்பது மாத்திரம் அமையாது. கண்டது புகையே என்பதும், புகை உள்ளவிடத்து நெருப்பு உண்டு என்பதும் ஐயமற விளங்குதல் வேண்டும். மூடுபனியைப் புகையென மயங்கினோன் மலையில் நெருப்பைக் காணான்.

ஈழத்தோடு தொடர்புடைய ஒன்றைக்கொண்டு இதனை ஆராய்வோம். 'சேரன் செங்குட்டுவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டினன்' என்று பலரும் எழுதுவர். இதற்குச் சான்று யாது? செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் அமைத்து வழிபட்டபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் உடனிருந்தான் எனச் சிலப்பதிகாரத்து வரந்தரு காதை கூறுகின்றது. இலங்கை வரலாற்றிலே கஜபாகு என்னும் பெயருடைய மன்னர் இருவர். ஒருவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டினன், மற்றவன் 12ஆம் நூற்றாண்டினன். பின்னவன் காப்பியத்துக்கு மிகப் பிற்பட்டவன் ஆதலின், முன்னவனே குறிக்கப்பட்டான் என்பர். 1904இல் தமது ஆங்கில நூலை வெளியிட்ட வி. கனகசபைப்பிள்ளை இந்நெறி பற்றியே பழந்தமிழர் காலத்தை வரையறுத்தார்.

நெறி நன்றே. ஆயினும், இடையிலே சொல்லாது விடப்பட்டதொன்று உண்டு. காப்பியம் கூறும் வருகை மெய்யாகவே நிகழ்ந்தது என்பதே அது. மகாவம்சம் முதலாம் கஜபாகுவின் 22 ஆண்டு ஆட்சியையும் விகாரைப் பணிகளையும் கூறுகின்றதேயன்றி, அவன் சேரநாடு சென்றமையைக் கூறவில்லை. அவன் பத்தினியின் சிலம்பைக் கொணர்ந்தான் என்னும் இராசாவலிய என்ற சிங்கள நூலோ பல நூற்றாண்டு பிற்பட்டது. அன்றியும், செங்குட்டுவன் வாழ்ந்த காலம் வேறு; அவன் கதை காப்பியமான காலம் வேறாகலாம். எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் சிலப்பதிகாரத்தைப் பிற்காலத்து நூலாகக் கொண்டனர். ஆகவே, ஒன்றை நிறுவிய சான்று மற்றொன்றையும் நிறுவியதாகக் கொள்ளலாகாது.

அங்ஙனமாயின் மாணவர் எவ்வாறு எழுதுதல் வேண்டும்? 'காப்பியச் செய்தியை வரலாறாகக் கொள்ளின், செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டினன் ஆவன்' என்று எழுதுக. இக்கூற்று முன்னையதிலும் சிறிது. ஆயின், தன் சான்றளவில் நிற்பது. மகாவம்சத்தின் மௌனத்தையும் மறையாது உடன் எழுதுக. எதிர்ச்சான்றை மறைத்தவன் வாதத்தை வென்றவன் அல்லன், படிப்போரை வஞ்சித்தவனே.

நம் மொழியும் நாடும் மிகப் பழையன என்று கேட்டல் நமக்கு இனிது. எனினும், இனிமை சான்றாகாது. நாம் விரும்பும் முடிபையே நாம் கடுமையாக வினவுதல் வேண்டும். பிறர் ஒருநாள் அதனை வினவுவர். அன்று நாணுவதினும் இன்று திருத்துதல் நன்று. தமிழின் பெருமை பொய்த்துணை வேண்டி நிற்பதன்று.

இக்கல்லூரியில் நாம் பெற்ற கல்வி, 'எவ்வாறு அறிந்தாய்?' என்று ஆசிரியர் வினவ, எழுந்து நின்று விடையிறுக்கப் பழகியதே. இன்று கற்கும் இளைஞரும் தாம் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவ்வினாவின் முன் நிறுத்துவாராக.