தார்ச்சாலையும் பழைய பிளாஸ்டிக்கும்

காரைக்கால் வட்டாரத்தில் ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால், நூல் சிப்பம் ஏற்றிய வண்டியும் நெல் மூட்டை ஏற்றிய வண்டியும் ஒரே பள்ளத்தில்தான் இறங்குகின்றன. நனைந்த சிப்பத்தின் நட்டம் சங்கக் கணக்கில் ஏறுவதை நாம் தணிக்கையில் கண்டிருக்கிறோம். சாலை ஏன் பெயர்கிறது? ஜல்லிக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்து பிடிப்பை விடுவிப்பது முதற் காரணம்.

மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் வேதியியற் பேராசிரியராயிருந்த ஆர். வாசுதேவன் இதற்கு ஒரு வழி கண்டார். ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் சூடேறிய ஜல்லியின்மீது நறுக்கிய பழைய பிளாஸ்டிக் பைகளைத் தூவினால், அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய தோலாகப் படிகின்றன. பாவு இழைக்கு நாம் கஞ்சி போடுவதைப் போன்றதே இது. பின்னரே தார் கலக்கப்படுகிறது. தாரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு பிளாஸ்டிக் ஈடாவதால் செலவும் குறைகிறது. கல்லூரி 2006இல் காப்புரிமை பெற்றது. இந்தியச் சாலைப் பேரவை 2013இல் இதற்கு நெறிமுறை வெளியிட்டது. பி.வி.சி. பொருள்களை மட்டும் சேர்த்தலாகாது. சூட்டில் அவை நச்சு வாயு விடும்.

ஆயினும் இத்தோல் கல்லைக் காக்குமேயன்றி மண்ணைக் காவாது. நம் டெல்டாக் களிமண் அடியில் ஊறி இளகினால் எந்தச் சாலையும் அமிழும். ஆதலின், சாலை வேண்டி மனு எழுதும் சங்கங்கள் பக்க வடிகாலையும் அதே மனுவில் கேட்டல் வேண்டும். அவ்வடிகால் எந்த வாய்க்காலில் சென்று விழும் என்பதையும் குறிப்பிடுதல் நலம்.